கவைக்காலும் போதிகையும்: தூண் உத்திரத்தைச் சந்திக்கும் இடத்தின் வரலாறு

தூணும் உத்திரமும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் ஒரு சாண் அகலத்தைத் தாண்டுவதில்லை. ஆயினும் கட்டடத்தின் மேற்பாரம் முழுவதும் அந்த ஒரு சாண் வழியாகவே மண்ணுக்கு இறங்குகிறது. கட்டடக்கலை வரலாற்றில் விமானம், கோபுரம், முற்றம், கூரைச்சரிவு என உருவங்களைக் குறித்து நிறைய எழுதியிருக்கிறோம். பாரம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கைமாறும் இந்தச் சந்திப்பைக் குறித்து எழுதியது குறைவு. பாலக்காட்டுக் கணவாயில் தொடங்கி, ஆனைமலையைக் கடந்து, இடுக்கியின் மறையூர், தேவிகுளம் பகுதிகள் வரை நீளும் கேரள எல்லையோர நிலத்தை மையமாக வைத்து, அந்தச் சந்திப்பின் வரலாற்றை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கேள்வி எழுந்த இடம் எளியது. மலைச்சரிவுகளில் உள்ள தங்கும் விடுதிகளிலும் தோட்ட வீடுகளிலும் இன்று ‘டெக்’ எனப்படும் மரமேடைகள் எழுகின்றன. சரிவில் தூண்களை நட்டு, அவற்றை உத்திரங்களால் இணைத்து, மேலே பலகை பரப்புகிறார்கள். அங்கே கட்டுபவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு, உத்திரத்தைத் தூணின் தலைமேல் அமர்த்துவதா, தூணின் விலாவில் ஒட்டிவைத்து ஆணியோ போல்ட்டோ போட்டுத் தொங்கவிடுவதா என்பது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பாரம் செல்லும் வழியோ முற்றிலும் வேறு. தலைமேல் அமர்ந்த உத்திரத்தில் மரம் மரத்தை அழுத்துகிறது. விலாவில் தொங்கும் உத்திரத்தில் பாரம் முழுவதையும் விரல் பருமனுள்ள சில இரும்புத் தண்டுகளும், அவற்றைச் சுற்றியுள்ள சிறிதளவு மரநாரும் சுமக்கின்றன. மழைக்காலத்தில் ஊறிப் பருத்து, கோடையில் காய்ந்து சுருங்கும் மரத்தில் அந்தத் துளைகள் ஆண்டுக்காண்டு தளர்கின்றன. இரும்பு துருவேறுகிறது. துளைவழி இறங்கும் நீர் உள்ளிருந்தே மரத்தை இற்றுப்போகச் செய்கிறது.

‘அமர்த்தல்’, ‘தொங்கவிடுதல்’ என்னும் இவ்விரு வழிகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், இப்பகுதியின் கட்டட வரலாற்றை வேறொரு வரிசையில் வாசிக்க முடிகிறது.

தோட்டத்தில் எழுப்பப்படும் மரமேடை தமிழுக்குப் புதிய பொருளன்று. குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனம் காப்பவர் ஏறி அமரும் மேடைக்கு ‘இதணம்’ என்று பெயர். ‘கழுது’, ‘பரண்’ என்னும் சொற்களும் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கிளியோட்டுவதற்கு ஏறும் இதணம் மரத்தின்மீது கட்டப்பட்டது. புலியும் அஞ்சும்படி அமைந்தது. உரையாசிரியர் மரபு இச்சொல்லுக்குப் ‘பரண்’ என்று பொருள் சொல்லிக் கடந்துவிடும். நாமும் அதைக் காதற்காட்சியின் பின்புலமாக மட்டுமே படித்துவந்திருக்கிறோம். அது ஒரு கட்டுமானம் என்பதையும், அதைக் கட்டியவருக்கு ஒரு தொழிலறிவு இருந்தது என்பதையும் பாடத்திட்டம் நமக்கு நினைவூட்டுவதில்லை.

அந்த அறிவு எப்படிப்பட்டது என்பதை மலைச்சரிவு வேளாண்மையில் இன்றும் காணப்படும் காவற்பரண்களைக் கொண்டு ஊகிக்கலாம். பரணின் உயிர்நிலை கவைக்கால். இயற்கையாகவே இரண்டாகப் பிரிந்து வளர்ந்த கிளையைக் கவையோடு வெட்டி நடுகிறார்கள். கவையின் மடியில் குறுக்குக்கழி படுக்கிறது. மரம் தானே வளர்த்துத் தந்த இருக்கை அது. நார்கள் வெட்டுப்படாமல் தண்டிலிருந்து கிளைக்குத் தொடர்ந்து ஓடுவதால் கவை எளிதில் பிளக்காது. கொடியாலும் மரப்பட்டை நாராலும் போடப்படும் கட்டு, கழி உருண்டோடாமல் பிடித்துக்கொள்வதற்கே. பாரத்தைக் கவை தாங்குகிறது, இடத்தைக் கட்டு காக்கிறது. இந்தப் பணிப்பகிர்வே முழு அமைப்பின் சூத்திரம். மூங்கிலில் இது இன்னும் தெளிவாகும். மூங்கிலில் ஆணி அறைந்தால் அது நீளவாக்கில் பிளந்துவிடும். ஆகவே கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, முனையைப் பிறைபோல் குடைந்து, அதில் கழியைப் படுக்கவைத்துக் கட்டுகிறார்கள். கணுவின் கெட்டியான தடுப்பு, அழுத்தத்தில் மூங்கில் நசுங்காமல் காக்கிறது.

இடுக்கி, ஆனைமலைப் பகுதிகளின் முதுவர், மன்னான், ஊராளி முதலிய மக்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளும், எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937 முதல் 1941 வரை வெளியிட்ட திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் பற்றிய தொகுதிகளும் இன்றுவரை நம் அடிப்படை நூல்களாக உள்ளன. முதுவர்கள் தமிழோடு மிக நெருங்கிய மொழி பேசுபவர்கள். மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. 2010இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடி அவர்களுடையது. இம்மலைகளின் பரணும், யானைக்கு எட்டாத உயரத்தில் மரத்தின்மேல் அமைக்கப்படும் ஏறுமாடமும் இனவரைவியல் அலமாரியில் ‘வாழ்வுமுறை’ என்ற தலைப்பின்கீழ் வைக்கப்பட்டன. ‘கட்டடக்கலை’ என்ற தலைப்பு அவற்றுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தலைப்பு கல்லுக்கும், கோயிலுக்கும், அரண்மனைக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது.

கல்லுக்கு வருவோம். மறையூரைச் சுற்றியுள்ள பாறைவெளிகளில் ‘முனியறை’ என்று மக்கள் அழைக்கும் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. நிறுத்திய பலகைக்கற்கள்மீது ஒரு மூடுகல் படுத்திருக்கிறது. சுண்ணாம்போ இரும்போ கிடையாது. பாரமே அங்கே பொருத்தாகவும் செயல்படுகிறது. தாங்கும் கல் செங்குத்தாக நிற்பதும், மூடுகல் அதன் விளிம்பில் முழுமையாகப் படிவதும் போதுமானவையாக இருந்திருக்கின்றன. தலைமேல் அமர்த்தும் முறையின் மிக எளிய, மிக நீடித்த சான்று இதுவே.

கவையின் அடுத்த வடிவம் போதிகை. தூணின் தலைக்கும் உத்திரத்தின் அடிக்கும் இடையே, இருபுறமும் கைநீட்டிப் படுத்திருக்கும் உறுப்பு அது. அதன் தேவையை மரத்தின் இயல்பிலிருந்தே விளக்கலாம். நாரின் போக்கில் வரும் அழுத்தத்தை மரம் நன்றாகத் தாங்கும். நாருக்குக் குறுக்கே வரும் அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அதைவிடப் பன்மடங்கு குறைவு. தூணில் பாரம் நாரின் போக்கில் இறங்குகிறது. தூண்தலை உத்திரத்தை அழுத்தும்போதோ அழுத்தம் நாருக்குக் குறுக்கே விழுகிறது. ஆகவே தூண் நலமாக இருக்கையிலேயே உத்திரத்தின் அடி நசுங்கக்கூடும். போதிகை அந்த இருக்கையை அகலமாக்குகிறது. உத்திரம் தாண்ட வேண்டிய வெற்றிடத்தையும் அது குறைக்கிறது. தூண்களுக்கு இடையே 10 அடி என்றும், இருபுறப் போதிகைகளும் ஓரடி நீள்கின்றன என்றும் கொண்டால், வெற்றிடம் 8 அடி ஆகிறது. சீராகப் பரவிய பாரத்தில் உத்திரத்தை வளைக்கும் விசை இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது 100இலிருந்து 64 ஆகக் குறையலாம். போதிகையும் சிறிது வளையும் என்பதால் இந்தப் பயன் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆனாலும் திசை அதுவே.

செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அறிவிக்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய செய்தி இது. மரத்தைத் துறந்ததாகப் பெருமை கொள்ளும் அந்தக் குடைவரையின் தூண்களில் போதிகை இருக்கிறது. குடைவரையில் தூணும் உத்திரமும் ஒரே பாறை. இரு துண்டுகள் சந்திக்கும் இடமே அங்கு இல்லை. பாரத்தைக் கைமாற்றித் தரும் பணி போதிகைக்கு அங்கே இல்லாதபோதும் சிற்பி அதைச் செதுக்கினான். தச்சன் கையில் உருவான ஒரு தீர்வு, காரணம் மறைந்த பிறகும் வடிவமாக நின்றுவிட்டது. அதன்பின் பல்லவர் காலத் தரங்கப் போதிகை, சோழர் காலத்து வெட்டுப் போதிகை, விசயநகர காலப் பூமொட்டுப் போதிகை என வளர்ந்த வரிசையைக் கொண்டு கோயில்களின் காலத்தைக் கணிக்கப் பழகியிருக்கிறோம். காலக்கணிப்புக்கு இத்தனை பயன்பட்ட உறுப்பின் தொழில் என்ன என்று வகுப்பறையில் கேட்டால், பெரும்பாலும் ‘அலங்காரம்’ என்ற விடையே வருகிறது.

நூல்மரபும் இந்தச் சந்திப்பை அறிந்தே இருந்தது. சோழர் காலத்தை ஒட்டியது என ஆய்வாளர் பலர் கருதும் மயமதம், மரத்துண்டுகளைப் பொருத்துவதற்கென்றே ‘சந்திகர்மம்’ என்னும் தனி அத்தியாயத்தை ஒதுக்குகிறது. தூண்களை நீட்டிக்கும் பொருத்துகள் வேறு, படுக்கைமரங்களை நீட்டிக்கும் பொருத்துகள் வேறு என அது பிரிக்கிறது. தூணுக்குரியவற்றுள் ஒன்றின் பெயர் மேஷயுத்தம், அதாவது ஆட்டுக்கடாச் சண்டை. படுக்கைமரத்துக்குரியவற்றுள் மீன்பல் என்று பொருள்படும் ஜஷதந்தமும், பன்றிமூக்கு என்று பொருள்படும் சூகரக்ராணமும் உண்டு. நிற்கும் மரமும் கிடக்கும் மரமும் வெவ்வேறு விதமாகப் பாரத்தைச் சுமக்கின்றன என்ற புரிதல் இந்தப் பிரிவின் அடியில் இருக்கிறது. அதே நூல் உத்திரத்தை மூவகையாக்கும்போது அகலத்தைத் தூணின் அகலத்தோடு ஒட்டி நிறுத்தி, உயரத்தை மட்டும் முழு அளவு, முக்கால், அரை என மாற்றுகிறது. உத்திரம் தூண்தலையில் முழுமையாகப் படிய வேண்டும் என்பதை அந்த அளவே உறுதிசெய்கிறது. கேரளத்தில் பதினாறாம் நூற்றாண்டின் மனுஷ்யாலய சந்திரிகை வீட்டுக் கட்டுமானத்துக்கென இம்மரபைத் தொகுத்தளித்தது. ‘மேஷயுத்தம்’ என்ற சொல்லை அறியாத தச்சர்களும் அந்தப் பொருத்தைத் தலைமுறைகளாகச் செய்துவந்திருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. நூல் கையைப் பின்தொடர்ந்ததா, கை நூலைப் பின்தொடர்ந்ததா என்பது ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பாலக்காட்டுக்கு வந்தால் இம்மரபை மரத்திலேயே காணலாம். கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயில் 1425ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. அதைச் சுற்றியும் கணவாய்ப் பகுதியெங்கும் எழுந்த அக்கிரகாரங்களில் திண்ணை, ரேழி, கூடம், மச்சு என வீடுகள் வரிசையாக நீள்கின்றன. திண்ணைத் தூணின் தலையில் குடுமி செதுக்கப்பட்டிருக்கும். உத்திரத்தின் அடியில் அதை ஏற்கும் குழி இருக்கும். கதவு சுழலும் குடுமியை நாம் அறிவோம். இது சுழலாமல் பூட்டும் குடுமி. பாரம் குடுமியில் இறங்குவதில்லை, அதைச் சுற்றியுள்ள தோள்களிலேயே இறங்குகிறது. உத்திரம் பக்கவாட்டில் நகராமல் காப்பதே குடுமியின் வேலை. பரணில் கொடிக்கட்டு செய்த பணியை இங்கே குடுமி செய்கிறது. கூரையிலும் இதே முறை தொடர்கிறது: கழுக்கோல்கள் உத்திரத்தின்மேல் அமர, அவற்றைத் துளைத்துச் செல்லும் வளைமரம் அவை விலகாதபடி கோக்கிறது. பாரம் தாங்குவதும் இடம் காப்பதும் தனித்தனி உறுப்புகளின் பொறுப்பு.

‘இரும்பே இல்லாத காலம், ஆகவே மர ஆணி’ என்ற விளக்கம் பொருந்தாது. தென்னிந்தியாவில் இரும்பு பெருங்கற்காலத்திலிருந்தே உருக்கப்பட்டது. தச்சரின் உளியும் வாளும் இரும்பே. இரும்பைக் கருவியில் வைத்துக்கொண்டு பொருத்தில் மரத்தையே பயன்படுத்தியதை ஒரு தேர்வு என்றே கொள்ள வேண்டும். மர ஆணி, தான் பூட்டும் மரத்தோடு சேர்ந்து ஊறும், சேர்ந்து காயும். கழற்றவும் முடியும். பழைய வீட்டைப் பிரித்து அதே மரத்தில் புதிய வீடு எழுப்பும் வழக்கம் இதனாலேயே இயன்றது.

மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. 1862இல் பாலக்காட்டின் வழியாக மலபார்க் கரையும் போத்தனூரும் இருப்புப்பாதையால் இணைந்தன. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடர்ந்து மலபாரின் பிற இடங்களிலும் ஓடு தயாராகி, ஓலைவேய்ந்த கூரைகளுக்குப் பதிலாகக் கனமான கூரைகள் பரவின. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. 1924 வெள்ளத்தில் அழிந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவழிப் பாதை இறங்கியது. ஆனைமலைத் தேக்கைப் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குக் கொண்டுசெல்லக் கொச்சி அரசின் வனத் தண்டவாளப் பாதை 1907இல் இயங்கத் தொடங்கியது.

இந்தப் பாதைகளில் தேக்கு கீழே இறங்கியது, தேயிலை வெளியே சென்றது என்று பொருளியல் வரலாறு எழுதியிருக்கிறது. ஆலையில் செய்த போல்ட், நட்டு, தகடு, கம்பி ஆணி ஆகியவை மலையேற இவை போன்ற வழிகளே வேண்டியிருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போல்ட்டால் கட்டுமானம் விரைந்தது. குடுமியும் குழியும் ஒன்றோடொன்று பொருந்தத் தேர்ந்த தச்சர் வேண்டும். துளையிட்டு முடுக்க அத்தனை தேர்ச்சி வேண்டாம். எஸ்டேட்டுகளில் பல கட்டடங்களைக் குறைந்த காலத்தில் எழுப்ப வேண்டியவர்களுக்கு இது பெரும் வசதி. போல்ட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தலைமேல் அமர்ந்த உத்திரத்தை நகராமல் பிடிக்கும் போல்ட், கொடிக்கட்டுக்கும் குடுமிக்கும் நல்ல வாரிசு. கவை செய்த வேலையையும் அதன் தலையில் சுமத்தியபோதுதான் பிழை நேர்ந்தது. விலாவில் தொங்கும் உத்திரம் அந்தப் பிழையின் வடிவம்.

இன்று உலகில் மரமேடைகளை மிகுதியாகக் கட்டும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே அமெரிக்கன் வுட் கவுன்சில் வீட்டு மரமேடைகளுக்காக வெளியிட்டுள்ள வழிகாட்டி, உத்திரத்தைத் தூணின் விலாவில் ஆணி, போல்ட் ஆகியவற்றை மட்டும் நம்பிப் பொருத்துவதைத் தடைசெய்கிறது. தூணின் தலையைப் படியாக வெட்டி அதில் உத்திரத்தை அமர்த்த வேண்டும், அல்லது தலைமேல் வைத்து உலோகத் தொப்பியால் பிடிக்க வேண்டும். படியாக வெட்டிய தூண்தலை என்பது கவைக்காலின் பாதி. போல்ட் அங்கே இடத்தைக் காக்கிறது. பாரத்தை மரமே தாங்குகிறது.

‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்ற முடிவுக்கு இது இட்டுச்செல்லாது. சீனத்தில் லீ சியே தொகுத்து 1103இல் வெளியான இங்சாவ் பாஷி என்னும் கட்டட நூல், தூண்தலையில் அடுக்கடுக்காக விரியும் தாங்குகட்டைகளை அளவுகளோடு விவரிக்கிறது. நம் போதிகை எதிர்கொண்ட அதே சிக்கலுக்கு வேறொரு பண்பாடு கண்ட விடை அது. புவியீர்ப்பு எல்லா மொழியினருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறது. இங்கே நமக்குரிய கேள்வி வேறு. ஒரே சிக்கலுக்கான விடைகளை நாம் மூன்று அலமாரிகளில் பிரித்து வைத்திருக்கிறோம். கவைக்கால் இனவரைவியலுக்குச் சென்றது. போதிகை கலைவரலாற்றுக்குச் சென்றது. போல்ட் தோட்டப் பொருளாதாரத்துக்குச் சென்றது. பிரித்த பிறகு முதல்வகையைத் ‘தொன்மை’ என்றும், இரண்டாவதைச் ‘செவ்வியல்’ என்றும், மூன்றாவதை ‘நவீனம்’ என்றும் படிவரிசையாக்கினோம். தொழிலின் தர்க்கத்தை அளவுகோலாகக் கொண்டால் இந்தப் படிவரிசை நிலைக்காது. விலாவில் போல்ட் போட்ட நவீன மேடையைவிடக் கவைமேல் கழி படுத்த பரண் அந்த ஓரிடத்தில் சரியாகச் சிந்திக்கிறது.

பெயர்களிலும் இதே ஏற்றத்தாழ்வைக் காண்கிறோம். மலையைப் பெற்றவரின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. கோயில் எடுத்தவரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. தூணை நிறுத்தி உத்திரத்தை அமர்த்தியவர்களுள் இப்பகுதி பெயர் சொல்லி நினைவுகூர்வது பெருந்தச்சனை. அவனும் பறையிபெற்ற பன்னிரு குலக் கதையில் வரும் தொன்மப் பாத்திரம். அவன் தன் முழக்கோலையும் உளியையும் விட்டுச்சென்றதாகச் சொல்லப்படும் பன்னியூர்க் கோயில் பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு தொழில்மரபு முழுவதற்கும் ஒரு கதைமாந்தனின் பெயர் போதும் என்று விட்டிருக்கிறோம். பெயரில்லாத மற்றவர்கள் விட்டுச்சென்ற ஒரே ஆவணம் அவர்கள் செய்த பொருத்து.

அந்த ஆவணம் இப்போது வேகமாக அழிகிறது. பழைய வீடு பிரிக்கப்படும்போது தூணும் உத்திரமும் நல்ல விலைக்குப் போகின்றன. மறுபயன்பாட்டுக்கு நேரான, துளையில்லாத மரம் வேண்டும் என்பதால் முதலில் அறுத்து எறியப்படுபவை முனைகள். குடுமியும், குழியும், மர ஆணித் துளையும், எந்தத் தூணுக்கு எந்த உத்திரம் என்று தச்சர் இட்ட அடையாளக் கீறலும் அந்த முனைகளில்தான் இருக்கின்றன. மரம் பிழைக்கிறது, அதில் எழுதப்பட்டிருந்தது விறகாகிறது.

ஆகவே இப்பகுதியிலிருந்து பயில வரும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வீடு, கொட்டில், பரண் எது பிரிக்கப்பட்டாலும் நான்கு செய்திகளைப் பதிவுசெய்யுங்கள். உத்திரம் தூணின்மேல் அமர்ந்திருந்ததா, விலாவில் நின்றதா. குடுமி, குழி, ஆணித்துளை ஆகியவற்றின் அளவுகள். முனைகளில் உள்ள கீறல்களின் படம். பிரிப்பவர் ஒவ்வோர் உறுப்பையும் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார் என்பது. நான்காவது மிக முக்கியம். நாம் உத்திரம் என்பதை மலையாளம் உத்தரம் என்கிறது. கழுக்கோல், மோந்தாயம், பட்டிகை போன்ற சொற்கள் எல்லையோரத் தமிழிலும் புழங்குகின்றன. முதுவர் பேச்சில் அவற்றுக்கு என்ன பெயர் என்று எந்தக் கட்டடக்கலை அகராதியும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு நாடாவும், ஒரு கைப்பேசியும், பிரிக்கும் நாளில் அரைமணி நேரமும் போதும். முனைகள் அறுபடுவதற்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும்.